உப்பு எவ்வளவு என்று கேட்டவர் யார்?

அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வரகுண பாண்டியன் காலத்தது, 9ஆம் நூற்றாண்டு. அரசன் கோயிலுக்குக் கொடுத்த பொற்காசுகளை ஊர்ச் சபைகளிடம் முதலாக வைத்து, வட்டியாக வரும் நெல்லிலிருந்து இறைவனுக்கு நாள்தோறும் என்னென்ன படைக்க வேண்டும் என்று அது விரிவாகச் சொல்கிறது. அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, நெய் இவ்வளவு, தயிர் இவ்வளவு என்று பட்டியல் போகிறது. காய்க்கறி, புளிங்கறி, பொரிக்கறி என்று கறி வகைகளும் பெயர் சொல்லி வருகின்றன. ஆனால் அந்தப் புளிங்கறியை எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது.

வீட்டில் நிலைமை நேர் எதிர். "புளியைக் கெட்டியா கரைச்சுக்கோ. பச்சை வாசனை போற வரைக்கும் கொதிக்கட்டும். எண்ணெய் மேல மிதந்து வந்தா இறக்கிடு." செய்முறை முழுதாக வந்துவிடும். "புளி எவ்வளவும்மா?" என்றால் "எலுமிச்சங்காய் அளவு". "உப்பு?" என்றால் "வேணுங்கிற அளவு போடு, இதையெல்லாமா கேப்பாங்க?"

கல்வெட்டைப் படிக்கப்போகிறவர் கோயில் கணக்கர். களஞ்சியத்திலிருந்து எவ்வளவு அளந்து கொடுப்பது என்பது மட்டுமே அவருக்கு வேண்டும். சமைப்பது மடைப்பள்ளிக்காரர் பாடு. அம்மாவிடம் கேட்கிறவளோ அந்த அடுப்படியிலேயே வளர்ந்தவள். அவளுக்கு அளவு சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழம்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவள் நாக்குக்குத் தெரியும். சமையல் குறிப்பில் எது எழுதப்படுகிறது, எது விடுபடுகிறது என்பதைச் சமைக்கிறவர் தீர்மானிப்பதில்லை. கேட்கிறவர் எவ்வளவு தள்ளி நிற்கிறாரோ அதுதான் தீர்மானிக்கிறது. கேட்பவர் தள்ளிப் போகப் போகக் குறிப்பு நீளும். உறவினரும் நண்பரும் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் வீட்டுக் குறிப்புகளின் வரலாற்றை இந்தத் தூரத்தின் வரலாறாகவே படிக்கலாம் என்பது என் எண்ணம்.

தமிழில் சமையல் நூல் என்ற நினைப்பு புதிதல்ல. சிறுபாணாற்றுப்படையிலேயே வீமன் இயற்றியதாக ஒரு சமையல் நூல் பேசப்படுகிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையல் குறிப்புகள் மராத்தியின் மோடி எழுத்தில் இருந்து, பின்னர் சரசுவதி மகால் நூலகத்தின் வழியாக 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று தமிழில் அச்சேறின. மன்னருக்கும் கோயிலுக்கும் சமைப்பவர் மாறிக்கொண்டே இருப்பார், சமையல் மாறக்கூடாது. அதனால் அங்கே எழுத்து தேவைப்பட்டது. வீட்டில் அந்தத் தேவையே எழவில்லை. ஏன் எழவில்லை என்பதற்குப் பெண்களுக்கு எழுத்தறிவு இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் சுமார் 9 சதவீதம்தான் என்பதால் அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அது பாதிப் பதில்.

மீதிப் பாதி கல்யாண முறையில் இருக்கிறது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் முடிச்சுப் போடும் வழக்கம் தென்னிந்தியாவில் எவ்வளவு வேரோடியது என்பதை தாமஸ் டிரவுட்மன் தன் திராவிட உறவுமுறை பற்றிய நூலில் (1981) விரிவாக எழுதியிருக்கிறார். அவர் சமையலைப் பற்றிப் பேசவில்லை; ஆனால் நாம் பேசலாம். அத்தையே மாமியாரானால் புகுந்த வீட்டு ரசம் அப்பாவைப் பெற்ற பாட்டியின் ரசம்தான். பெண் போன தூரம் பத்து மைல். குறிப்பு போன தூரம் ஒன்றுமே இல்லை. அந்நியத்தில் பெண் எடுத்தாலும் சாதி ஒன்று, வட்டாரம் ஒன்று. கொஞ்சம் மிளகு கூட, கொஞ்சம் புளி குறைய என்ற வேறுபாடுகளை "எங்க வீட்டு வழக்கம் இப்படி" என்ற ஒரு சொல்லோடு மாமியார் முடித்துக்கொள்வார். மருமகள் ஓராண்டுக்குள் அதைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஓராண்டில் அவள் வாங்கிக்கட்டிக்கொண்டது எந்தக் குறிப்பேட்டிலும் இருக்காது.

பக்கத்தில் நின்று கற்பதில் எழுத்துக்கு அகப்படாத ஒன்று இருக்கிறது. அதற்கு அதிரசத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. எழுதினால் நாலு வரி: மாவு பச்சரிசி ஒரு கிலோ, வெல்லம் முக்கால் கிலோ, ஏலக்காய், சுக்கு, நெய். இனி அதைச் செய்வதைப் பாருங்கள். அரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் பழைய வேட்டியைப் பரப்பி உலர்த்த வேண்டும். எவ்வளவு நேரம்? அரிசியைக் கையில் அள்ளி மூடித் திறந்தால் சில மணிகள் உள்ளங்கையில் ஒட்ட வேண்டும், ஈரம் கசியக்கூடாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்த நேரம் இரட்டிப்பாகும். ஈரம் போகுமுன் இடித்துச் சலிக்க வேண்டும். அடுத்தது பாகு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். கரைந்து போனால் இன்னும் வரவில்லை. விரலால் கூட்டினால் இளகலாக உருண்டு வந்தால் உடனே இறக்க வேண்டும். உருண்டையைத் தட்டில் போட்டு 'டங்' என்று சத்தம் கேட்டால் பாகு முற்றிவிட்டது, அதிரசம் பல்லை உடைக்கும். இளம்பாகில் இறக்கினாலோ, எண்ணெயில் போட்டதும் மாவு பிரிந்து பரவிப்போகும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு நிமிடம்.

மிட்டாய்த் தொழிலில் இந்தப் பதத்துக்கு வெப்பநிலை உண்டு. ஏறக்குறைய 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். வெப்பமானி வைத்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதி தீராது. வெல்லத்துக்கு வெல்லம் ஈரமும் கசடும் வேறு. மாவின் ஈரமோ அன்றைய வானத்தைப் பொறுத்தது. கை தேர்ந்தவர்கள் இந்த இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று ஈடுகட்டுகிறார்கள். மாவு சற்றுக் காய்ந்துவிட்டது என்று தோன்றினால் பாகைக் கொஞ்சம் முன்னதாக இறக்குவார்கள். பாகை மாவில் ஊற்றாமல், மாவைப் பாகில் தூவித் தூவிக் கிளறி, 'போதும்' என்று கை சொல்லும்போது நிறுத்துவார்கள். மாவு மிஞ்சினால் மிஞ்சட்டும். பிறகு ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டால் ஈரம் மாவு முழுக்கச் சமமாகப் பரவி நிற்கும். சுட்டு முதல் அதிரசம் பிரிந்தால் கொஞ்சம் அரிசி மாவு, இறுகினால் துளி பால் தெளித்துப் பிசைவது. கடைசியில் சொன்ன இந்தத் திருத்தும் வித்தையைத்தான் அச்சிட்ட குறிப்புகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எல்லாம் சரியாக வந்தால் என்ன நடக்கும் என்பதையே அவை எழுதுகின்றன. பக்கத்தில் நிற்கும் பாட்டியோ, கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதற்காகவே அங்கே நிற்கிறார்.

இதைப் பெண்களின் வாய்மொழி மரபுக்கே உரிய குறைபாடு என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. ஹாரி காலின்ஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1974இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கனடாவில் கண்டுபிடிக்கப்பட்ட டிஇஏ லேசர் என்ற கருவியை பிரிட்டனின் ஆய்வுக்கூடங்கள் எப்படிக் கட்டின என்பதே பொருள். கட்டும் முறை ஆய்விதழ்களில் வெளியாகியிருந்தது. படித்தவர்கள் கைதேர்ந்த இயற்பியலாளர்கள். ஆனால் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டியவர் ஒருவருக்கும் கருவி வேலை செய்யவில்லை. ஏற்கெனவே வேலை செய்யும் லேசரை வைத்திருந்தவரோடு நேரில் பழகியோ தொலைபேசியில் பேசியோ கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்கே அது கைகூடியது. லேசர் விஞ்ஞானிகளுக்கே அந்தக் கதி என்றால், "பாகு பதத்துக்கு வந்ததும் இறக்கவும்" என்ற வரியைப் படித்துவிட்டுத் தீபாவளிக்கு முதல் நாள் அடுப்பில் வெல்லத்தை ஏற்றும் புது மருமகளைக் குறை சொல்லக்கூடாது.

அந்த வரியைச் சரியாக எழுத வேண்டிய கட்டாயம் தமிழ் வீடுகளுக்கு எப்போது வந்தது? பெண்கள் தூரம் போனபோது. ரயில்வே, தபால், வங்கி, மத்திய அரசு என்று உத்தியோகம் கணவன்மாரை பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுபோனது. கூடப் போனவர்களுக்கு மாமியாரும் இல்லை, அத்தையும் இல்லை. கடிதம்தான் இருந்தது. இன்லண்டு லெட்டரில் குசலம் விசாரித்து, குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்லி, மடிப்பு ஓரத்தில் இடம் இருந்தால் பருப்புப் பொடிக்கு அளவு கேட்பார்கள். உள்ளே வேறு எதையும் வைத்து அனுப்பக்கூடாது என்பது அந்தத் தாளின் விதி. பதிலும் அதே அளவுத் தாளில் அடங்கியாக வேண்டும். சமையல் குறிப்பு சுருக்கமாகவும் துல்லியமாகவும் இருக்கப் பழகியதில் தபால் இலாகாவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நான் நினைப்பதுண்டு.

அப்படி உறவினரும் நண்பர்களும் ஓயாமல் யோசனை கேட்டுக்கொண்டிருந்த ஒருவர்தான் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர், குடும்பத்தைத் தாங்கியவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதிலாகப் புத்தகமாகவே போட்டுவிடலாமே என்று உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் சொல்ல, 1951இல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. பாகங்கள் மூன்றாக வளர்ந்தன. கல்யாணச் சீரோடு வைத்துக் கொடுக்கும் பொருள்களில் ஒன்றாக அந்தப் புத்தகம் ஆயிற்று, கடல் கடந்தும் போயிற்று. அது பிறந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு சமையல் நிபுணர் உட்கார்ந்து எழுதிய நூல் இல்லை அது. தூரத்திலிருந்து வந்த கேள்விகளுக்குச் சேர்ந்துபோன பதில்கள். அதனால்தான், எதுவும் தெரியாதவளுக்குச் சொல்கிற பொறுமை அதில் இருக்கிறது.

ஆழாக்கு, வராகன் எடை என்று அதில் அளவுகள் வருகின்றன. எட்டு ஆழாக்கு ஒரு படி; ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. வராகன் என்ற பொற்காசின் எடை ஏறக்குறைய மூன்றரை கிராம். பலம் என்றால் 35 கிராம் அளவில் வரும். புத்தகம் வந்த ஐந்தாவது ஆண்டு, 1956இல், எடை அளவுத் தரச் சட்டம் நிறைவேறியது; 1958 முதல் கிலோவும் லிட்டரும் படிப்படியாக நுழைந்தன. அச்சில் ஏறியதும் நிலைத்துவிட்டது என்று நினைத்த அளவு அடுத்த தலைமுறைக்குப் புரியாமல் போயிற்று. "எலுமிச்சங்காய் அளவு புளி"க்கு அந்த ஆபத்து வரவில்லை. அளவுச் சொல் துல்லியமாக இருந்தால் வெகுகாலம் நிற்கும் என்று நம்புகிறோம். இந்த விஷயத்தில் நேர்மாறாகவே நடந்தது.

அச்சுக்குப் பக்கத்திலேயே கையெழுத்தும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் குறிப்பேடு என்று தனியாக ஒன்று இருக்காது. ஏதோ ஒரு கம்பெனி கொடுத்த பழைய ஆண்டு டைரியாக இருக்கும். முன்பக்கம் பால் கணக்கு, பின்பக்கம் சலவைக் கணக்கு, நடுவே மைசூர்பாகு. தலைப்பு 'மைசூர்பாகு' என்று மட்டும் இருக்காது. 'எதிர்வீட்டு மாமி மைசூர்பாகு', 'காரைக்குடி ஆச்சி மண்டி', 'ஸ்கூல் டீச்சர் கேக்' என்று கொடுத்தவர் பேரோடு இருக்கும். ஓரத்தில் "சர்க்கரை குறைக்கவும்" என்று வேறொரு மையில் இருக்கும். புத்தகத்தில் எல்லாக் குறிப்புக்கும் ஒரே ஆசிரியர். டைரியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றிக் கடன். வார இதழ்கள் வாசகியரிடம் குறிப்புக் கேட்டு, பேரும் ஊரும் போட்டு வெளியிட்டபோது இந்த டைரி வழக்கத்தைத்தான் அச்சுக்குக் கொண்டுவந்தன. பின்னால் '30 வகை' இணைப்புகள் வந்து எண்ணிக்கையே பெரிதாயிற்று. ஒரு வீட்டில் முப்பது வகைத் துவையலை யார் அரைக்கப்போகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எதிர்வீட்டு மாமியும் காரைக்குடி ஆச்சியும் ஒரே டைரியில் வந்தது சாதாரணமாக நடந்த காரியமா? அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய, இந்தியச் சமையல் புத்தகங்கள் பற்றிய பேர்பெற்ற ஆய்வுக் கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொள்கிறது. நகரத்து நடுத்தர வர்க்கப் பெண்கள் அலுவலகத்திலும் குடியிருப்பிலும் வாய்வழியாகப் பரிமாறிக்கொண்ட குறிப்புகளே பிற்காலச் சமையல் புத்தகங்களுக்கு அடிப்படை என்கிறார் அவர். ஆட்கள் போக முடியாத இடத்துக்கும் சமையல் குறிப்பு போய்விடும் என்பது அவர் கவனித்த இன்னொன்று. பக்கத்து வீட்டில் கை நனைக்காதவர்கூட அந்த வீட்டு வற்றல் குழம்புக்கு வழி கேட்டுத் தம் வீட்டில் செய்துகொள்ளலாம். சாதி சாப்பாட்டில் வைத்த பூட்டு குறிப்பில் சற்றுத் தளர்ந்தது.

தளர்ந்தது எல்லாத் திசையிலும் அல்ல. கேட்கத் தகுந்த சமையல் யாருடையது என்பதில் பழைய படிநிலை அப்படியே இருந்தது. ஐயர் வீட்டு சாம்பாருக்கும் செட்டிநாட்டுக் கோழிக்கும் வழி கேட்டவர்கள், சேரி வீட்டு மாட்டுக்கறி வறுவலுக்கோ உப்புக்கண்டத்துக்கோ கேட்டதாக டைரிகளில் காணோம். மராத்வாடாவின் மகார், மாங் என்ற தலித் சமூகங்களின் உணவை ஷாஹு பட்டோலே மராத்தியில் 2015இல்தான் புத்தகமாகத் தொகுத்தார். ஆங்கிலத்தில் அது வர 2024 ஆயிற்று. ஆக, தூரம் என்று நான் சொல்வது மைல் கணக்கு மட்டும் அல்ல. மூன்று தெரு தள்ளி இருந்த அடுப்படி சில வீடுகளுக்கு டில்லியைவிடத் தூரமாக இருந்திருக்கிறது. நம் வீட்டுச் சமையல் மரபு என்று நெகிழ்ந்து பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

கடல் கடந்த தூரத்துக்கு வேறொரு தீர்வு கிடைத்தது: குறிப்பை அனுப்பாமல் பொடியை அனுப்புவது. யாழ்ப்பாணத்து வீடுகளில் கொத்தமல்லி, மிளகாய், சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்துத் திரித்த தூள், 1983க்குப் பிறகு சிதறிப்போன பிள்ளைகளைத் தேடி லண்டனுக்கும் பாரிஸுக்கும் டொராண்டோவுக்கும் போனது. சென்னை விமான நிலையத்தில் எடை பார்க்கும் பெட்டிகளிலும் சாம்பார் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் இல்லாத பெட்டி குறைவு. மிளகாய் எவ்வளவு, எதை எதுவரை வறுப்பது என்ற கடினமான தீர்மானங்கள் எல்லாம் முடிந்த நிலையில் அந்தப் பொடி போய்ச் சேர்கிறது. வாங்குபவர் கரைத்துக் கொதிக்கவிட்டால் போதும். அன்பான காரியம்தான். ஆனால் வறுக்கும் பக்குவம் அம்மாவின் கையிலேயே நின்றுவிடுகிறது. பொடி வரும்வரை யாரும் கேள்வி கேட்பதில்லை. பொடி நின்றுபோகும்போது கேட்க ஆள் இருப்பதில்லை.

2013இல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. 2016இல் வீடியோ அழைப்பு வந்தது. குறிப்பின் வரலாற்றில் அச்சைவிட இதைப் பெரிய திருப்பமாக நான் எண்ணுகிறேன். அச்சில் நாம் திருப்பிக் கேட்க முடியாது. இப்போது பாஸ்டனில் இருக்கும் மகள் கடாயைக் கைபேசிக்கு நேரே சாய்த்து "இந்த நிறம் போதுமா?" என்று கேட்கிறாள். "இன்னும் கொஞ்சம். கடுகு வெடிச்சு அடங்கின சத்தம் எனக்கு இன்னும் கேக்கலை" என்று மதுரையிலிருந்து பதில் வருகிறது. வாசனை மட்டும் போய்ச் சேருவதில்லை. அதற்குப் பதிலாக அம்மாக்கள் நிறத்தையும் சத்தத்தையும் சொல்லப் பழகிக்கொண்டுவிட்டார்கள். பக்கத்தில் நின்ற காலத்தில் சொல்லத் தேவைப்படாத பல விஷயங்கள் இப்படித்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன. சங்கடம் என்னவென்றால், அவை சொன்னதும் கரைந்துபோகின்றன. அழைப்பு முடிந்தால் பதிவு இல்லை. குரல் பதிவுகளோ கைபேசி மாற்றும்போது போய்விடுகின்றன. டைரியின் மஞ்சள் கறை படிந்த தாள் அறுபது ஆண்டு தாங்கியது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற தீபாவளிக்கு உங்கள் வீட்டில் அதிரசமோ முறுக்கோ செய்கிறவர் யாரோ, அவர் பக்கத்தில் ஒரு சமையலறைத் தராசோடு நில்லுங்கள். அவரை அளக்கச் சொல்லாதீர்கள். அளக்கச் சொன்னால் கை தடுமாறும். மாவுத் தூக்கையும் வெல்லப் பாத்திரத்தையும் எண்ணெய்ச் சட்டியையும் முன்னால் ஒருமுறை எடை போட்டு, வேலை முடிந்தபின் இன்னொருமுறை போட்டால் அவர் எடுத்த அளவு உங்களுக்குக் கிடைத்துவிடும். எந்த வெல்லம், எந்த அரிசி, அன்று மழையா வெயிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரிந்தால் என்ன செய்தார், இறுகினால் என்ன செய்தார் என்பதை மறக்காமல் எழுதுங்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயரைத் தலைப்பில் போடுங்கள். எழுதி முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "இல்ல இல்ல, அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு" என்று அவர் குறுக்கிடுவார். அதையும் ஓரத்தில் சேர்த்து எழுதிவிட்டு, கேட்கிற எல்லோருக்கும் கொடுங்கள்.